கடலை உருண்டைப் பரீட்சை

ஜனவரி 3, வெள்ளி

அரசாங்கத்துக்காகப் பதினொரு பதிவேடு எழுதுகிறேன். பன்னிரண்டாவது இந்த டைரி, இது எனக்காக. அதனால் இதில் மட்டும் கையெழுத்து சுமாராக இருக்கும்.

இன்று சூப்பர்வைசர் ஷர்மிளா மேடம் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். சொல்லிவிட்டு வந்தாலும் சரி, சொல்லாமல் வந்தாலும் சரி, இந்தச் சாந்தாமணியின் அங்கன்வாடி மையம் ஒரே மாதிரிதான் இருக்கும். பதினொரு பிள்ளைகளும் பாயில் வரிசையாகக் கை கட்டி உட்கார்ந்திருந்தார்கள். சமையலறையில் ஆயா மரகதம் கடுகு தாளித்த சத்தம் வாசல் வரைக்கும் கேட்டது. மேடம் எட்டிப் பார்த்துவிட்டு, "புள்ளைங்க தூங்கறாங்களா?" என்றார். "இல்லீங்க மேடம், பாடம் நடக்குது" என்றேன். மூன்று வயசிலிருந்து ஐந்து வயசு வரை உள்ள வாண்டுகளை இப்படி உட்கார வைப்பதற்குப் பத்தொன்பது வருஷ அனுபவம் வேண்டும்.

ஆனால் மேடம் பாராட்ட வரவில்லை. போன வருஷம் பதினாறு பிள்ளைகள், இப்போது பதினொன்று. எதிர்வீதியில் பிளே ஸ்கூல் வந்ததும் ஐந்து பேர் அங்கே போய்விட்டார்கள். இந்த மாசக் கடைசியில் எண்ணிக்கை பத்துக்குக் கீழே இருந்தால் எங்கள் மையத்தை மெயின் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் மையத்தோடு சேர்த்துவிடுவார்களாம். நார் மில்லுக்கு ஏழரை மணிக்குப் போகிற பொம்பளைகள் லாரி ஓடுகிற ரோட்டைத் தாண்டி எப்படிப் பிள்ளையைக் கொண்டுபோய் விடுவார்கள்? அது மேலே இருப்பவர்களுக்குத் தெரியாது.

இன்னும் இரண்டு அம்மாக்கள் பிளே ஸ்கூலில் சேர்க்கப் பிறப்புச் சான்று நகலைத் திருப்பிக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஒருத்தி தன்விகாவின் அம்மா நாகஜோதி. இன்னொருத்தி ரிஸ்வானின் அம்மா ஷகிலா. இரண்டும் போனால் ஒன்பது. கதை முடிந்தது.

எனக்குப் பயம் இல்லை. மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். டை கட்டிவிட்டால் பிள்ளைகளுக்கு ஒழுக்கம் வந்துவிடாது. அது இங்கேதான் கிடைக்கும்.

ஜனவரி 6, திங்கள்

பழம் நழுவிப் பாலில் விழுந்தது. கோயம்புத்தூரில் 'விரல்நுனி' என்று குழந்தைகளுக்கான கலைக்கூடம் ஒன்று திறந்திருக்கிறார்களாம். நான்கு மையங்களின் பிள்ளைகளை இலவசமாக அழைத்துப் போகிறார்கள். 24ஆம் தேதி, பஸ்ஸும் அவர்களுடையதே. ஒவ்வொரு மையத்திலிருந்தும் துணைக்கு இரண்டு அம்மாக்கள் வரலாம் என்றார் மேடம். எந்த இரண்டு பேர் என்று நான் யோசிக்கவே இல்லை.

மற்ற மையத்துப் பிள்ளைகள் குரங்குக் கூட்டமாகத் தாவும்போது என் பதினொன்றும் கை கட்டி வரிசையில் போகும். நாகஜோதியும் ஷகிலாவும் கண்ணால் பார்க்கட்டும். அதன் பிறகு யார் சான்று கேட்கிறார்கள் என்று நானும் பார்க்கிறேன்.

கலைக்கூடத்திலிருந்து கலர் நோட்டீஸ் வந்திருக்கிறது. நாளும் நேரமும் பஸ் வரும் இடமும் பார்த்துக்கொண்டேன். மிச்சமெல்லாம் அவர்களுடைய பெருமை. அதை யார் உட்கார்ந்து படிப்பது?

ஜனவரி 7, செவ்வாய்

பன்னிரண்டு வருஷம் முன்னால் பயிற்சிக்குப் போனபோது எங்களை ஒரு மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்கள். ஒரு கற்சிலையின் மூக்கு எவ்வளவு வழவழப்பு என்று தொட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான். காவல்காரர் நாற்பது டீச்சர்கள் முன்னால், "படிச்சவங்கதான நீங்க? போர்டு தெரியலையா?" என்று கத்தினார். அன்றைக்கு நான் மத்தியானச் சோறு தின்னவில்லை.

என் பிள்ளைகளை எவனும் அப்படி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. நாளையிலிருந்து ஒத்திகை.

ஜனவரி 8, புதன்

ஒத்திகைக்குக் கடலை உருண்டைதான் சரி. ஒவ்வொரு பிள்ளையின் முன்னாலும் தட்டில் ஒரு உருண்டை வைத்தேன். கால் மணி நேரம் தொடாமல் உட்கார வேண்டும், தொடாவிட்டால் கடைசியில் எல்லோருக்கும் ஒன்று. ஒருவர் தொட்டாலும் யாருக்கும் கிடையாது.

இரண்டாவது நிமிஷத்திலேயே கவின் வாயில் போட்டுக்கொண்டான். தட்டுகளை எடுத்துவிட்டேன். ஏழு பேர் அழுகை. மரகதம் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, "கொழந்தைங்கதானுங்களே டீச்சர்" என்றாள். குழந்தைகளாக இருக்கும்போது வளைக்காமல் அறுபது வயசிலா வளைப்பது?

ஜனவரி 9, வியாழன்

பத்து நிமிஷம் தாங்கினார்கள்.

ஜனவரி 10, வெள்ளி

முழுசாகக் கால் மணி நேரம்! ஆனால் சும்மா உட்கார்வது பெரிய விஷயம் இல்லை. வெளியே போனால் யாராவது ஆசை காட்டுவார்கள். அதனால் பரீட்சையைக் கொஞ்சம் கடினமாக்கினேன். "எடுத்துக்கோ கண்ணு, டீச்சரே சொல்றேன், நெசமா" என்று சிரித்த முகத்தோடு சொன்னேன். ரிஸ்வான் என் முகத்தைப் பார்த்தான், நானும் தலையாட்டினேன். கையை நீட்டி எடுத்தான். வெடுக்கென்று பிடுங்கிவிட்டேன்.

"யார் சொன்னாலும் தொடக் கூடாது. டீச்சர் சொன்னாலும் தொடக் கூடாது. புரிஞ்சுதா?"

இன்றைக்கும் யாருக்கும் உருண்டை இல்லை. மற்ற பத்துப் பேரும் ரிஸ்வானை முறைத்தார்கள். மத்தியானம் அவன் பக்கத்தில் யாரும் படுக்கவில்லை. ஒற்றுமை வளர்கிறது என்று நினைத்தேன்.

ஜனவரி 13, திங்கள்

இன்று உட்கார்ந்ததும் ரிஸ்வான் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டான். நானே பக்கத்தில் உட்கார்ந்து ஒரு உருண்டையைத் தின்று காட்டி, "பாரு, டீச்சரே சாப்புடறேன், நீயும் சாப்பிடு" என்றேன். ஒரு பிள்ளை அசையவில்லை. ரிஸ்வானின் யோசனை எனக்குப் பிடித்திருந்தது. மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். சர்க்கரைப் பொங்கலைத் தட்டில் வைத்தேன். வீட்டுக்காரர் தட்டையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "திங்கலாமா, இல்ல பரீட்சையா?" என்றார். அவருக்கு எப்போதும் விளையாட்டுதான்.

ஜனவரி 20, திங்கள்

நாகஜோதி மில்லுக்குப் போகும் வழியில் வந்தாள். சான்று கேட்கத்தான் வந்திருக்கிறாள் என்று, "இருபத்தி நாலாம் தேதி கோயம்புத்தூர் போறோம், நீயும் வர்ற. லீவு சொல்லிரு" என்று முந்திக்கொண்டேன். சரி என்றாள். ஆனால் போகாமல் நின்றாள்.

"டீச்சர், பாப்பா ஊட்டுல பேசறதே இல்லீங்க. சோத்த முன்னால வெச்சாப் பாத்துட்டே உக்காந்திருக்கறா. நானு மூணு தடவ சத்தியம் பண்ணுனாத்தான் கை வெக்கறா."

"பொறுமை வந்திருக்குது. சந்தோசப்படு" என்றேன்.

 மில் வேன் ஹாரன் அடித்ததும் அவள் ஓடினாள்.

ஜனவரி 21, செவ்வாய்

எடை பார்க்கும் நாள். தன்விகா 13.2 கிலோ. போன மாசம் 13.6. பனிக்காலம், சளி இருக்கும்.

ஜனவரி 23, வியாழன்

எல்லாம் தயார். கடுகு நிறச் சேலையைத் தேய்த்து வைத்துவிட்டேன். பிள்ளைகள் இன்று இருபத்தைந்து நிமிஷம் உட்கார்ந்தார்கள். கடைசியில் நிஜமாகவே உருண்டையைக் கொடுத்தபோதும் யாரும் வாங்கவில்லை. மரகதம் ஒவ்வொரு வாயாக ஊட்டிவிட்டாள். நாளைக்கு நாம்தான் முதல்.

ஜனவரி 24, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என்னை நானே விட்டுக்கொடுக்காமல் எழுத முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை.

பஸ்ஸில் மற்ற மையத்துப் பிள்ளைகள் பாட்டும் வாந்தியுமாக வந்தார்கள். என் பதினொன்றும் மடியில் கை வைத்து வந்தார்கள். நான் இரண்டு தடவை திரும்பி ஷகிலாவையும் நாகஜோதியையும் பார்த்தேன். அவர்களும் பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கலைக்கூடத்து வாசலில் ஜெனி என்று ஒரு பெண். ஏப்ரன் முழுக்கச் சாயம். "வாங்க செல்லங்களா! இங்க ஒரே ஒரு ரூல்தான். எல்லாத்தையும் தொடணும்! தொடாம யாரும் வெளிய போகக் கூடாது!" என்றாள்.

எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று நினைத்தேன். உள்ளே போனால் ஒரு சுவர் முழுவதும் தண்ணீர்த் தூரிகையால் வரையலாம், காய்ந்ததும் தானாக மறைந்துவிடும். நடுவில் பெரிய தொட்டி நிறையக் களிமண். கூரையிலிருந்து நூறு கலர்க் கயிறுகள் தொங்கின. இழுத்தால் ஒவ்வொன்றும் ஒரு சத்தம் போடும். மூலையில் ஒரு திரை, முன்னால் போய் ஆடினால் நம் நிழல் கலர் கலராக ஆடும். மற்ற மூன்று மையத்துப் பிள்ளைகளும் ஓ என்று பாய்ந்தார்கள்.

என் பிள்ளைகள் சுவர் ஓரமாக வரிசையில் நின்றார்கள். கை கட்டியபடி. ரிஸ்வான் தரையில் உட்கார்ந்து கைகளை அடியில் வைத்துக்கொண்டான். அவனைப் பார்த்து இன்னும் நாலு பேர் உட்கார்ந்தார்கள்.

முதலில் சிரித்தேன். "பாத்தீங்களா மேடம், நான் சொன்னாத்தான் போவாங்க" என்று ஷர்மிளா மேடத்திடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்ப சொல்லுங்க" என்றார் மேடம்.

"போங்க கண்ணுகளா. தொடுங்க. டீச்சரே சொல்றேன்."

ஒருவரும் அசையவில்லை. தன்விகா களிமண்ணைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள். அந்த வார்த்தையை எங்கே சொன்னேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஜெனி ஓர் உருண்டை களிமண்ணை எடுத்துக் கவின் கையில் வைத்தாள். அவன் அதைக் கீழே போட்டுவிட்டுக் கையைப் பின்னால் ஒளித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். "நான் எடுக்கல, நான் எடுக்கல" என்று மற்ற பிள்ளைகளிடம் சொன்னான். ஷகிலா ஓடிவந்து மகன் ரிஸ்வானைத் தூக்கப் பார்த்தாள்.

"எந்திரிடா, எல்லாரும் வெளையாடறாங்க பாரு."

"மாட்டேம்மா. நான் தொட்டா யாருக்கும் கெடைக்காது."

"என்னடா கெடைக்காது?" அவள் என்னைப் பார்த்தாள். "என்னங்க டீச்சர் கெடைக்காது?"

 சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் முழங்கை வரைக்கும் களிமண்ணில் கையை விட்டேன். "பாருங்க! டீச்சர் கைய வெச்சுட்டேன்! ஜில்லுன்னு இருக்குது! வாங்க!"

தன்விகா பக்கத்திலிருந்த பிள்ளையிடம் மெதுவாகச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள், ஆனால் அந்த இடத்தில் எல்லோருக்கும் கேட்டது. "அன்னைக்கு உருண்டை தின்னாங்கள்ல, அதே மாதிரிதான்."

நாகஜோதி, "என்ன உருண்டை?" என்றாள்.

சொல்லாமல் தப்பிக்க முடியாது. மேடம், ஜெனி, இரண்டு அம்மாக்கள், மற்ற மூன்று டீச்சர்கள், அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். உருண்டை வைத்ததை, எடுக்கச் சொல்லிப் பிடுங்கியதை, தின்று காட்டியதை. சொல்லச் சொல்ல எனக்கே அது வேறு யாரோ ஒரு ராட்சசி செய்ததாகக் கேட்டது. வெட்கமாக இருந்தது. அந்தக் காவல்காரர் கத்தியபோதுகூட இவ்வளவு வெட்கப்படவில்லை. அவர் சத்தம்தான் போட்டார், பொய் சொல்லவில்லை.

பிள்ளைகள் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். "டீச்சர் தப்புப் பண்ணிட்டேன். உங்ககிட்டப் பொய் சொன்னேன். இனிமே சொல்ல மாட்டேன். இங்க எல்லாத்தையும் தொடலாம்."

"நெசமா?" என்றாள் தன்விகா.

"நெசமா."

"அன்னைக்கும் நெசமான்னுதான சொன்னீங்க."

இதைச் சமாளிக்கப் பத்தொன்பது வருஷத்தில் ஒரு பயிற்சியிலும் சொல்லித்தரவில்லை. நாகஜோதி மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மேடம் என்னமோ சொல்ல வாயெடுத்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். இது எனக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள விவகாரம்.

"சரி. டீச்சர் என்ன பண்ணுனா நம்புவீங்க?"

பதினொரு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். குசுகுசுவென்று பேசினார்கள். ரிஸ்வான்தான் முதலில் சொன்னான்.

"நீங்க கை மேல உக்காருங்க. அப்பத்தான் புடுங்க முடியாது."

"பேசவும் கூடாது" என்றாள் தன்விகா. "நாங்க சொல்ற வரைக்கும்."

எழுபத்தெட்டுக் கிலோ. களிமண் ஒட்டிய கை, தேய்த்த சேலை. அப்படியே தரையில் உட்கார்ந்து கைகளை அடியில் வைத்துக்கொண்டேன். ஜெனி ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்தாள். தன்விகா வேண்டாம் என்று தலையாட்டினாள். ஸ்டூல் திரும்பிப் போனது.

ரிஸ்வான் எழுந்தான். தொட்டி வரைக்கும் போய் ஒரு விரலால் களிமண்ணைக் குத்திவிட்டுச் சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் அசையவில்லை. இரண்டாவது விரல். என்னைப் பார்த்தான். நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பிறகு இரண்டு கையையும் விட்டுக் "கெடைச்சிருச்சு!" என்று கத்தினான். மீதிப் பத்துப் பேரும் ஓடினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க எனக்கு இரண்டு கண் போதவில்லை. என் பிள்ளைகளுக்கு இவ்வளவு சத்தம் வருமா? கவின் கயிறுகளை இழுத்து இழுத்துச் சிரித்தான். அவன் சிரிப்புக்கு ஒரு விக்கல் உண்டு என்று எனக்கு இன்றுதான் தெரியும். ஒன்றரை வருஷமாக என்னிடம் இருக்கிறான். தன்விகா தண்ணீர்ச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மாடு வரைந்தாள். அது காய்ந்து மறைய மறைய, "ஓடுது, ஓடுது, புடிங்க" என்று மற்றவர்களை விரட்டி வாலிலிருந்து திரும்ப வரைய வைத்தாள். அந்தப் பிள்ளை இப்படி நாலு பேரை மேய்க்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

இரண்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை யாராவது ஓடிவந்து குனிந்து என் கை உள்ளேதான் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போனார்கள். கை முதலில் வலித்தது. பிறகு எறும்பு ஊர்ந்தது. பிறகு மரத்துப்போனது. இந்தப் பிஞ்சுகளை எத்தனை நாள் இப்படி உட்கார வைத்தேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

அரை மணி ஆகியிருக்கும். தன்விகா ஓர் உருண்டை களிமண்ணை உருட்டிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள்.

"எடுத்துக்கோங்க டீச்சர். நானே சொல்றேன்."

முகத்தில் ஒரு சிரிப்பு. அது என்னுடைய சிரிப்பு, அப்படியே பிடித்து வைத்திருந்தாள். நான் உருண்டையைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். எடுக்கவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு உருண்டையைத் திரும்ப எடுத்துக்கொண்டு மாட்டுக்கே போய்விட்டாள்.

பஸ் புறப்படும் நேரத்தில்தான் எனக்கு விடுதலை கிடைத்தது. மேடமும் ஜெனியும் ஆளுக்கொரு தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.  திரும்பி வரும்போது என் பிள்ளைகள்தான் பஸ்ஸில் அதிகச் சத்தம். நாகஜோதி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தாள். 

ஜனவரி 25, சனி

ஷகிலா வந்து சான்று நகலை வாங்கிக்கொண்டு போனாள். "தப்பா எடுத்துக்காதீங்க டீச்சர். அவன் கை மேல உக்காந்திருந்தது கண்ணுக்குள்ளயே நிக்குது" என்றாள். தப்பாக எடுக்க என்ன இருக்கிறது? ரிஸ்வானுக்கு ஒரு பை நிறையக் கடலை உருண்டை கொடுத்தனுப்பினேன். பையை நான் நீட்டினேன், அவன் அம்மா வாங்கினாள்.

பத்து. நாகஜோதியும் வந்துவிட்டால் ஒன்பது.

கடுகு நிறச் சேலையை மரகதம் இரண்டு தடவை அலசினாள். "களிமண்ணுதானுங்க, போயிரும்" என்றாள்.

ஜனவரி 27, திங்கள்

சந்தைக்கடை. பாயில் ஒருவரும் உட்காரவில்லை. எடை பார்க்கும் மெஷின் மேல் கவின் ஏறிக் குதிக்கிறான். ஒரு தடவை என் குரல் தானாக எழும்பிவிட்டது. பத்துப் பேரும் கல்லாகச் சமைந்தார்கள். "இல்ல, இல்ல, குதிங்க" என்றேன். என் முகத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டு குதித்தார்கள். இந்தச் சரிபார்ப்பு போக இன்னும் எத்தனை நாள் ஆகுமோ, ஆகட்டும். நான் எங்கேயும் போகப் போவதில்லை.

மத்தியானம் மில் உடையிலேயே நாகஜோதி வந்து வாசலில் நின்றாள். நான் எதுவும் கேட்காமல் பீரோவைத் திறந்து தன்விகாவின் சான்று நகலையும் தடுப்பூசி அட்டையையும் எடுத்து நீட்டினேன். கெஞ்ச எனக்கு வராது. கெஞ்சும் யோக்கியதையும் இல்லை.

அவள் வாங்கவில்லை.

"வெள்ளிக்கெழமை ஊட்டுக்கு வந்ததுல இருந்து வாய் மூடலீங்க டீச்சர். மாடு வரஞ்ச கதைய எங்க வீதி பூராச் சொல்லிட்டு வந்துட்டா. ராத்திரி அவளே தட்டெடுத்துப் போட்டுட்டு வந்து உக்காந்து தின்னா. நீங்க பண்ணுனது எனக்கு மனசே ஆறல, அது வேற. ஆனா பெரியவங்க யாரும் அவகிட்ட தப்புன்னு ஒத்துக்கிட்டு நாம் பாத்ததில்ல. நானே ஒத்துக்கிட்டதில்ல." நீட்டிய அட்டையை என் பக்கமே தள்ளினாள். "இங்கயே இருக்கட்டும். ஒரு நா அவ பேச்சு நின்னாலும் கூட்டிட்டுப் போயிருவேன்."

"சரி" என்றேன்.  அவள் படி இறங்கிய பிறகு மனசு கேட்கவில்லை, கூப்பிட்டேன்.

"என்னப் பத்தி என்ன சொன்னா?"

நாகஜோதி சிரித்தாள். "உங்களையா? 'டீச்சர் ரொம்ப நல்ல புள்ளம்மா. தொடாம உக்காந்திருந்தாங்க. பாவம், கை வலிச்சிருக்கும்'ன்னா."

அழுகை வந்துவிட்டது. அடுப்புப் புகை என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. எங்கள் மையத்தில் கேஸ் அடுப்பு.